பிடிபட்ட பின் எத்தனை அடி

அமெரிக்கக் கல்லூரிகளில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் இளைஞர்களுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. முத்தாபுதுப்பேட்டையில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும். கால்பந்தா என்பார்கள். இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது என்றால், அப்படியானால் கோல் யார் போடுவது என்பார்கள். ஐந்து வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். ஒருமுறைகூட மைதானத்தில் நின்று பார்த்ததில்லை, அந்தப் பந்தைக் கையால் தொட்டதும் இல்லை. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். கீழே போல்ட்டு நட்டு செய்யும் பட்டறை, மேல் மாடியில் நாங்கள். அங்கே சனிக்கிழமை ஆடுவார்கள். திங்கட்கிழமை காலை நான் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, வேர்த்து வழிய நடந்து வந்து உட்காரும்போது முழு ஆட்டமும் என் திரையில் வந்து கிடக்கும். ஒவ்வொரு அணியிலும் பந்தை வாங்கிக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவதற்கென்றே ஒருவன் இருப்பான். அவன்தான் என் ஆள். படிப்பு முடிந்ததும் அவனைத் தொழில்முறை அணிகள் எடுக்கலாமா வேண்டாமா, எடுத்தால் எத்தனையாவது ஆளாக எடுக்கலாம் என்று அங்கே யாரோ ஒரு பெரிய மனுஷர் கருத்துச் சொல்வார். அந்தக் கருத்துக்கு அடியில் கிடக்கும் அட்டவணையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்புகிறவள் நான்.

அட்டவணையில் கட்டங்கள் ஏகப்பட்டவை. பந்தை நழுவவிட்டானா, வீசிய பந்தைப் பிடித்தானா, அடிபட்டு எழுந்திருக்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றினான் என்பதுவரை எழுத வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கட்டங்கள். எதிராளியின் கை படுவதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடினான் என்பது ஒன்று. கை பட்ட பிறகு எவ்வளவு தூரம் போனான் என்பது இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டீம் லீடர் எங்களைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"கை படற வரைக்கும் ஓடறது அவன் சாமர்த்தியம் இல்லமா. முன்னால மல மாதிரி அஞ்சாறு பேர் போய் எதிராளிய இடிச்சுத் தள்ளி வழி போட்டுத் தராங்க. அந்த வழியில நான்கூட ஓடுவேன். புடிச்சதுக்கு அப்புறம் எவ்ளோ தூரம் இழுத்துக்கினு போறான் பாரு, அதான் அவனோட சொந்தச் சரக்கு. மார்க்கு அதுக்குத்தான்."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சீக்கிரமே தேறியும் விட்டேன். ஒருவன் பத்து ஓட்டம் ஓடினால் போதும், அவன் ஆளா வெறும் வேகமா என்று சொல்லிவிடுவேன். இருபத்தொரு வயதுப் பிள்ளையைப் பற்றி, 'கல்லூரியிலேயே அதிகம் ஓடிவிட்டான், கால்கள் தேய்ந்துவிட்டன, எடுக்க வேண்டாம்' என்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருக்கிறேன். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் எங்கேயாவது முழங்கால் போட்டு ஜெபம் செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. திரையில் பார்க்கும் ஆளுக்கு அம்மா ஏது?

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. கபடி ஆடுகிறவன். எதிராளிக் களத்துக்குள் தனியாகப் பாடிப் போகிறவன். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா எஸ்டேட்டிலேயே ஒரு துணிக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். நான் வேலைக்கு வந்தபின் வீட்டில் போட்டியில்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம், இவனை ஆடவிடுவது என்பதுதான். கல்லூரியில் விளையாட்டுக்காரன் என்றுதான் இடமே கொடுத்தார்கள். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவான். மற்றபடி தங்கமான பிள்ளை.

கபடிக்கும் இப்போது தொழில்முறை லீக் வந்துவிட்டது. டிவியில் வருகிறது. அந்த அணிகளின் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை புது முகங்களைப் பார்ப்பதற்கென்று முகாம் நடத்துகிறார்கள். அதில் கண்ணில் பட்டால் வாழ்க்கை. படாவிட்டால் பழையபடி ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டும் குக்கர் பரிசும். போன வருடம் தம்பி போய்க் கூட்டத்தில் ஒருவனாக நின்றான், இரண்டே முறை பாடவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். ஆக, இந்த வருட முகாம்தான் கடைசி. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அவன் என்னிடம் வந்தான்.

நான் வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"க்கா, யார் யாருக்கோ மார்க்கு போடறியே, எனக்கு ஒருதபா போடேன்."

அவன் சிநேகிதன் யாரோ வெட்டி ஒட்டிய வீடியோ. தம்பி தொடுகிறான், ஓடி வருகிறான், தொடுகிறான், ஓடி வருகிறான். பின்னால் காது கிழியும் பாட்டு. நெருப்புப் பொறி பறக்கிறது. நான் பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இது கல்யாண வீடியோ. இதுக்கெல்லாம் மார்க் போட முடியாது."

"இன்னாக்கா, எல்லாம் நான் எடுத்த பாயிண்ட்டுதானே?"

"நீ அவுட்டானது எங்கடா? சும்மா போய்ட்டு வந்தது எங்க? முழு மேட்ச் வேணும். ஒரே எடத்துல நின்னு, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எடுத்தது."

"அத யாரு எடுப்பா?"

"நான் எடுக்கறேன்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஐந்து வருடத்தில் என் வேலை எங்கள் வீட்டில் ஒருவருக்கு முதன்முதலாகப் பயன்படப் போகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் ஆவடியில் அவன் ஆடிய மைதானத்துக்குப் போனேன். அம்மா முறைத்தாள். நடுக்கோட்டுக்கு நேராக நின்றிருந்த தண்ணீர் லாரியின் ஏணியில் பாதி ஏறி நின்று, கை மரத்துப்போக மொத்த ஆட்டத்தையும் போனில் எடுத்தேன். கபடி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தம்பியின் ஆட்டத்துக்குப் போனால் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். அன்று முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக அவன் கால்களை மட்டும் பார்த்தேன். உள்ளே போகும்முன் மண்ணைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு குதிகால் தரையில் படாமலே அந்த ஏழு பேரின் முன்னால் அங்கும் இங்கும் போவான். ஒருவன் அசந்த நொடியில் கையோ காலோ நீளும், தொடும். அடுத்த நொடி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு விடுவான். என்ன நடந்தது என்று தொடப்பட்டவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆபீஸ் அட்டவணையைப் போலவே நோட்டில் கோடு போட்டு நிரப்பினேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். கை படுவதற்கு முன் என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. கை பட்ட பின் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. அன்று முழுவதும் அவனை ஒருவரும் ஒழுங்காகப் பிடிக்கவே இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். நான் ஐந்து வருட அனுபவசாலி. எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

தம்பி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தேர்வு முடிவு பார்க்க வந்தவன் மாதிரி வேர்த்திருந்தான்.

"மத்தது எல்லாம் நல்லாக் கீதுடா. ஆனா புடிச்ச அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஜீரோ" என்றேன்.

"புடிக்கவே இல்லியேக்கா."

"அதான் சொல்றேன். இங்க கீறவங்க புடிக்க மாட்டாங்க. அங்க டிவியில ஆடறவன் புடிப்பான். புடிச்சா நீ எவ்ளோ தூரம் இழுத்துக்கினு வருவேன்னு யாருக்குத் தெரியும்? பாக்கறவங்க அதத்தான்டா பாப்பாங்க. தொட்டுட்டு ஓடியாறது எல்லாரும் செய்யறது. புடிச்ச அப்புறம் எத்தினி அடி, அதான் உன்னோட சொந்தச் சரக்கு."

டீம் லீடர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவன் நோட்டை வாங்கி அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என் பேச்சை மறுத்ததே கிடையாது. வீட்டில் மாதச் சம்பளமும் கம்ப்யூட்டரும் உள்ளவள் நான்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் விடியற்காலையில் எழுந்து போனான். பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருக்கும் காலி மனையில், சிநேகிதர்கள் மூன்று பேரை இடுப்பைப் பிடிக்கச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். மண்ணில் நாலு பேரும் புரண்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னதை ஒரு ஆள் கேட்டு நடக்கிறான், அதன் பலனை என் கண்ணாலேயே பார்க்கிறேன் என்று பூரித்துப்போய், பால் பாக்கெட்டோடு நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். "இன்னும் கீழ குனிடா" என்று கத்திவிட்டு வந்தேன். இதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கோவில்பதாகையில் இறுதி ஆட்டம். முகாமுக்கு எட்டு நாள் இருந்தது. நல்ல வெயில். தகரக் கொட்டகை போட்டு மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடன் கேட்டு வாங்கி அதன் மேல் ஏறி நின்றேன். தம்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்து, போன் அவன் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உள்ளே இறங்கினான்.

முதல் இரண்டு முறை வழக்கம்போலத் தொட்டுவிட்டு வந்தான். மூன்றாவது முறை ஒருவனைத் தொட்டான். திரும்பி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஒரு நொடி நின்றான். அந்த ஒரு நொடி எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று பேர் வந்து விழுந்தார்கள். மூன்று பேரையும் முதுகில் போட்டுக்கொண்டு தவழ்ந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். பிடித்த மூன்று பேரும் அவுட். விசில் பறந்தது. மைக்குக்காரர் குரல் உடைந்து போகுமளவுக்குக் கத்தினார். தம்பி மண்ணை உதறிக்கொண்டு எழுந்தவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக என் போனைப் பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

கோட்டுக்கு வெளியிலிருந்து அவனுடைய கோச் கத்தினார். "டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற? தொட்டா வந்துடு! ஏன்டா நிக்கற?" தம்பி காதில் வாங்கவில்லை. மறுபடி போனான், மறுபடி நின்றான், மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை பாதி வழி இழுத்து வந்து அவுட்டானான். வெளியே உட்கார்ந்திருந்தபோது கோச் அவன் தலையில் தட்டித் திட்டுவது தெரிந்தது. தலையைத் தலையை ஆட்டினான். திரும்ப உள்ளே வந்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்தான்.

அவன் என் போனுக்காகத்தான் நிற்கிறான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. போதும் என்று கை காட்டியிருக்கலாம். நாற்காலியிலிருந்து இறங்கிப் போனைப் பைக்குள் போட்டிருந்தால்கூட அவன் ஒழுங்காக ஆடியிருப்பான். நான் இறங்கவில்லை. ஆட்டத்தை முழுசாக எடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்பது ஆபீஸ் விதி.

அடுத்த முறை அவன் பாடிப் போனபோது ஓரத்தில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். கால் தரையோடு நின்றுவிட்டது. தம்பி விடாமல் முன்னால் இழுத்தான். அந்தச் சமயம் பக்கவாட்டிலிருந்து இரண்டு பேர் அவன் தொடை மேல் வந்து விழுந்தார்கள். முழங்கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. மேலே விழுந்தவர்களே பயந்துபோய் எழுந்து விலகினார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. கபடியில் பிடிக்கத்தான் செய்வார்கள். அவன் கத்தியது என் போனில் பதிவாகியிருக்கிறது. அதை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே, "கடைசில எத்தினி அடி வந்தேன்க்கா?" என்றான். நான் சும்மா இருடா என்று அதட்டினேன்.

முழங்காலுக்குள் இரண்டு ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், வீக்கம் வடிந்தபின் செய்யலாம் என்றார் டாக்டர். எப்போது ஆடலாம் என்று அம்மா கேட்டாள். நடப்பதைப் பற்றி முதலில் பேசுவோம்மா என்றார் அவர். நல்ல மனுஷர், மெதுவாகத்தான் சொன்னார். அம்மா அங்கேயே வரிசையில் நின்றவர்கள் பார்க்கத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு முன், அவனை ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது உறைத்துவிட்டது. அமெரிக்காவில் ஓடுகிறவனுக்கு முன்னால் ஐந்தாறு பேர் போய் வழி போட்டுத் தருகிறார்கள். அதனால் கை படும்வரை ஓடிய தூரத்துக்கு அவனுக்கு மதிப்பு இல்லை. என் தம்பிக்கு முன்னால் யார் போனார்கள்? ஒருவரும் இல்லை. ஏழு பேர் நிற்கும் இடத்துக்கு அவன் ஒண்டியாகப் போனான். கை படாமல் அவன் வைத்த ஒவ்வொரு அடியும் அவனுடையது, முழுக்க முழுக்க அவனுடைய சொந்தச் சரக்கு. நிரம்பி வழிந்த கட்டம்தான் அவன் மார்க். காலியாக இருந்த கட்டம் காலியாக இருந்ததே பெருமை. இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழங்கால் தேவைப்பட்டது. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். கபடி தெரிந்தவன் செய்ய மாட்டான். அமெரிக்க ஆட்டம் தெரியாதவனும் செய்ய மாட்டான். நான் ஒருத்திதான் செய்ய முடியும்.

மூன்றாம் நாள் கோச் வீட்டுக்கு வந்தார். கையில் பிரெட்டும் ஹார்லிக்ஸும். தம்பி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமா துக்கமா என்று சொல்ல முடியாத குரலில் கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு நைனா. இத்தினி வருஷமா உன்னப் பாத்துக்கினு கீறேன். எவன் கையிலயும் சிக்காத ஆளு நீ. அன்னிக்கு ஏன்டா நின்ன?"

நான் காபி டம்ளரோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரில சார். கால் வழுக்கினே இருந்துச்சு."

"வழுக்கலடா. நான்தான் பாத்தேனே, நின்ன நீ."

"வழுக்குச்சு சார்."

கோச் எழுந்துகொண்டார். வாசல்வரை நான் கூடப் போனபோது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "முகாமுக்கு வர்றவங்கள்ல ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவரும்மா. இவன் வீடியோ ஒண்ணு முன்னாடியே அனுப்பி வச்சிருந்தேன். இட்டாந்துடு, பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. ஒடம்பு ஏத்தறது, இழுக்கறது எல்லாம் அவங்களே கத்துக் குடுத்துடுவாங்க. புடிபடாம வரவனத்தான் தேடிக்கினு கீறாங்க. அது சொல்லிக் குடுத்து வராது." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "அழாதம்மா. நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றார்.

அவர் போனபின் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முகாம்காரரே இட்டாந்துடு என்று சொல்லியிருக்கிறார். சொல்லியிருந்த விஷயத்தைக் கோச் தம்பியிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும் என்று. கபடிக்காரர்களிடம் அப்படி ஒரு பழக்கம். நல்ல செய்தியைக் கடைசிவரை ஆட்டக்காரனிடம் சொல்ல மாட்டார்கள். இப்போது அது எனக்கு மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை முகாம். நான் லீவு போட்டிருந்தேன். முந்தின வாரம் நான்கு நாள் ஆபீஸ் போனேன், ஆனால் வேலை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு பையன் திரையில் நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடுவான், நான் தூரத்தை அளக்காமல் அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு அம்மா பார்க்காதபோது கொட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மதியம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அந்நேரம் அங்கே பெயர் கூப்பிட்டு வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். தம்பி போனைக் கையில் எடுக்கவே இல்லை. கூரை ஷீட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் திடீரென்று கூப்பிட்டான்.

"க்கா. ஒண்ணு கேக்கட்டா? பொய் சொல்லாம சொல்லணும்."

"கேளு."

"கால் போவாம இருந்தா, நான் தேறியிருப்பேனா?"

அவன் கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் பக்கத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தேன். தேறியிருப்பாய் என்றால் உண்மை. அதோடு, உன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்பதும் சேர்ந்து வரும். இல்லை என்றால், அவனிடம் மிச்சம் இருக்கும் ஒன்றையும் பிடுங்கிக்கொள்கிறேன். 'நான் நல்ல ஆட்டக்காரன், கால்தான் போய்விட்டது' என்று அவன் காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாமே, அதையும்.

"கஷ்டம்தான்டா" என்றேன். "நீ நல்லா ஆடறதான். ஆனா அங்க வர்றவங்க ரேஞ்சே வேற. தேறியிருக்க மாட்டே."

"நெசமா?"

"நெசமா."

அவனுக்கு மனசு ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று அந்த நேரத்தில் என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். அவன் மனசுக்காகச் சொன்னேன் என்பதும் பச்சைப் பொய். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவன் கண்ணில் நான் குற்றவாளியாகத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

அவன் முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அப்ப உன்னால ஒண்ணும் போவலல்ல? இல்லாதது தானே போச்சு. இதுக்குப் போயி ஒரு வாரமா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற. எழுந்து போயி சோறு துன்னுக்கா."

நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.